கூப்பன் முதல் அஸ்வெசும வரை: கொத்தும் ரூபாவும்

பெரியகல்லாறில் மூத்த ஆக்களிட்ட அரசாங்க உதவி எண்டு கேட்டா, முதல்ல வாற சொல்லு 'கூப்பன்' தான். இரண்டாம் உலகப் போரில் இலங்கைக்கு அரிசி வருவது தடைப்பட, 1942இல் பங்கீடு தொடங்கியது. அந்த உரிமை கொத்துக் கணக்கில் இருந்தது. சந்தையில் என்ன விலை விற்றாலும் கூப்பனுக்குரிய அரிசியின் அளவு குறையாது.

அதில் கைவைப்பது லேசில்லை. 1953இல் கூப்பன் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

1979 செப்டெம்பரில் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. மட்டக்களப்பைச் சூறாவளி புரட்டிப்போட்டு ஒரு வருசம்கூட ஆகவில்லை. முத்திரையில் இருந்தது கொத்து இல்லை, ரூபா. விலைகள் ஏறின, முத்திரையின் தொகை ஏறவில்லை. 1982 அளவில் அதன் வாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியானது. 1980இலேயே புதியவர்களைச் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஆனா இந்த முறை ஹர்த்தால் நடக்கல்ல. ஒரே நாளில் வெட்டினால் எல்லாருக்கும் தெரியும்; விலைவாசி மெல்ல மெல்லத் தின்றால் யாரோடு சண்டை பிடிக்கிறது?

பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. பெயர்கள் மாறின, ரூபாக் கணக்கு மாறவில்லை. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தைத் தொட்டபோது அதன் அர்த்தம் வீட்டு அடுப்பில் தெரிந்தது.

2023இல் அஸ்வெசும தொடங்கியது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா. 2025இல் அதை 17,500 ஆக்கினார்கள். நல்லது. ஆனால் கூட்டுவது ஆட்சியாளரின் மனசைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. விலை ஏறினால் தொகையும் தானாக ஏற வேணும்.

பட்டியலும் திறந்தே இருக்க வேணும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற எங்கட ஊருக்கு இது விளங்கும். 2004 டிசம்பர் 26 காலையில் வசதியாக இருந்த குடும்பம் மத்தியானம் எல்லாம் இழந்து நின்றது. முந்தின வருசம் எடுத்த கணக்கெடுப்பில் அந்தக் குடும்பம் ஏழையே இல்லை.

இனி ஒரு திட்டம் அறிவிக்கிறபோது எத்தனை ரூபா எண்டு மட்டும் கேட்காதீங்க. அந்தக் காசுக்கு எத்தனை கொத்து அரிசி வரும் எண்டும் கேளுங்க.