மூன்று கொடி மாறிய நீர்மூழ்கி

ஜப்பான்காரன் காலத்துல நேதாஜி சிங்கப்பூர் வந்ததை நம் பெரியவங்க மறந்ததே இல்லை. அதே 1943 ஜூலையில் அந்தத் துறைமுகத்துக்கு ஒரு இத்தாலிய நீர்மூழ்கிக் கப்பலும் வந்து சேர்ந்தது. அதை யாரும் பேசறதில்லை.

பெயர் கப்பெல்லினி. போருக்கு வந்ததில்லை, ரப்பர் ஏற்ற வந்தது. மலாயா ஜப்பானியர் கையில் போனபின் ஜெர்மனிக்கு இயற்கை ரப்பர் இங்கிருந்துதான் போகணும். மேலே மிதந்து போகிற கப்பல்களை எதிரிகள் வழியிலேயே மூழ்கடித்தார்கள். அதனால் பழைய நீர்மூழ்கிகளின் ஆயுதங்களைக் கழற்றிவிட்டு, சரக்கு ஏற்ற இடம் பண்ணி அனுப்பினார்கள்.

இந்தக் கப்பலுக்கு ஒரு முன்கதை உண்டு. 1940 அக்டோபரில் அட்லாண்டிக் கடலில் இது கபாலோ என்ற பெல்ஜியச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. ஆனால் அப்போதைய கேப்டன் சால்வதோரே தொடாரோ, உயிர்ப்படகில் தவித்த 26 பேரை விட்டுட்டுப் போகலை. படகைக் கட்டி இழுத்தார். கயிறு அறுந்ததும் தன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு, அசோரஸ் தீவில் இறக்கிவிட்டார். அத்தனை பேரை வைத்துக்கொண்டு முங்க முடியாது, எதிரி கண்ணில் பட்டால் தப்பவும் முடியாது. தெரிஞ்சேதான் செய்தார். கப்பல் நம்ம பக்கம் வருவதற்கு முன்பே, 1942-இல் அவர் போரில் இறந்துவிட்டார்.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. நேற்றுவரை கூட்டாளியாக இருந்த ஜப்பானியரே இந்த வட்டாரத்தில் நின்ற மூன்று இத்தாலிய நீர்மூழ்கிகளையும் பிடித்து ஜெர்மானியரிடம் கொடுத்தார்கள். மாலுமிகளில் சிலர் ஜெர்மானியரோடு சேர்ந்தார்கள், மற்றவர்கள் கைதிகள். அந்த மூன்றில் ஒன்றான ஜூலியானி, 1944 பிப்ரவரியில் மலாக்கா நீரிணையில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி அடித்து மூழ்கியது.

கப்பெல்லினி ரப்பரோடு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. வழியில் எண்ணெய் கொடுக்க வேண்டிய பிராக்கே என்ற கப்பலை மார்ச்சில் பிரிட்டிஷார் மூழ்கடித்ததால் பினாங்குக்கே திரும்பியது.

பெரிய தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் நம்ம ஆட்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆயிரக்கணக்கில் இழுத்துக்கிட்டுப் போனதும் அவர்களைத்தான். அவர்கள் கைபட்ட சரக்குக்காகத்தான் இத்தனை கொடி மாற்றமும்.

1945 மே மாதம் ஜெர்மனி வீழ்ந்தபோது கப்பல் ஜப்பானின் கோபேயில் நின்றது. ஜப்பானியர் எடுத்துக்கொண்டு ஐ 503 என்று பெயர் வைத்தார்கள். போர் முடிந்தபின் 1946-இல் அமெரிக்கர்கள் அதைக் கடலில் மூழ்கடித்தார்கள்.

உங்க வீட்டுத் தாத்தா பாட்டி அந்தக் காலத்துல எந்தத் தோட்டம், என்ன வேலை? தெரிஞ்சவங்க கீழே எழுதுங்க.