99ஆம் பிரிவு காணாத ஆய்வாளர்: நோயனுபவம் உள்ள உளவியலாளரும் ஆய்வு நல்கையும்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயனுபவம் உள்ளவர்களுக்கு மனநலத் துறையின் அறிவாக்கத்திலும் இடம் தந்துவிட்டது என்றொரு கருத்து ஆய்வுலகில் நிலைபெற்று வருகிறது. அதற்குச் சான்றாக மூன்று பிரிவுகளைக் காட்டுவது வழக்கம். 34ஆம் பிரிவின்படி மத்திய மனநல ஆணையத்திலும், 46ஆம் பிரிவின்படி மாநில ஆணையத்திலும், மனநோய் உள்ளவர்கள் அல்லது முன்பு இருந்தவர்களின் சார்பாளர்கள் உறுப்பினராகிறார்கள். 74ஆம் பிரிவு மறுஆய்வு வாரியங்களிலும் அவர்களுக்கு வழி திறக்கிறது. பழைய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இவையெல்லாம் மேற்பார்வை நாற்காலிகள். எதை ஆராய்வது என்று முடிவு செய்யவும், அதற்கு நல்கை கேட்கவும், கிடைத்த பணத்தில் ஆள் அமர்த்தவும் இந்த நாற்காலிகளில் அமர்பவருக்கு எந்த அதிகாரமும் வருவதில்லை. பிரதிநிதித்துவத்தையும் ஆய்வுத் தலைமையையும் ஒன்றாகக் கருதுவதே மேற்சொன்ன கருத்தின் அடிப்படைப் பிழை என்று நான் கருதுகிறேன்.

ஆய்வு பற்றிச் சட்டம் நேரடியாகப் பேசுவது 99ஆம் பிரிவில். அந்தப் பிரிவைப் பாதுகாப்பு விதியாக மட்டுமே படித்து வந்திருக்கிறோம். யாரை ஆய்வாளராகக் கற்பனை செய்துகொண்டு அது எழுதப்பட்டது என்ற கேள்வியோடு அதைப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

முதலில் அது வைக்கப்பட்டிருக்கும் இடம். சேர்க்கை, சிகிச்சை, வீடு திரும்புதல் ஆகியவற்றுக்கான பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அது கடைசிப் பிரிவு. 95 தடை செய்யப்பட்ட சிகிச்சைகளையும், 96 மூளை அறுவையையும், 97 கட்டிப்போடுவதையும் தனித்து அடைப்பதையும், 98 வீடு திரும்பும் ஏற்பாட்டையும் சொல்கின்றன. அவற்றை அடுத்து ஆய்வு வருகிறது. நோயாளியின் மீது செய்யக்கூடிய, ஆகவே கட்டுக்குள் வைக்கவேண்டிய செயல்களின் வரிசையில் ஆய்வும் ஒன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை மறக்காத ஒரு நாட்டில் இந்த எச்சரிக்கை உணர்வைக் குறை சொல்ல முடியாது. சட்டம் வகுத்தவர்களின் நோக்கத்தின் மீது எனக்கு ஐயமில்லை. வரிசை என்ன சொல்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதல் உட்பிரிவு, ஆய்வு நடத்தும் தொழில்முறையாளர் மனநோய் உள்ளவரிடம் தகவலறிந்த, சுதந்திரமான ஒப்புதல் பெறவேண்டும் என்கிறது. ஒப்புதல் கேட்பவர் ஒருவர், தருபவர் மற்றொருவர். இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பதற்கு வாக்கிய அமைப்பிலேயே இடமில்லை. இத்தனைக்கும் இதே சட்டம் இரண்டாம் பிரிவில் மருத்துவ உளவியலாளருக்குத் தரும் வரையறை, படிப்பையும் பயிற்சியையும் மட்டுமே கேட்கிறது. அவருக்கு மனநோய் இருந்ததா என்று கேட்பதில்லை. வரையறை மறுக்காத ஒருவரை 99 கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாம், மூன்றாம் உட்பிரிவுகள் ஒப்புதல் தர இயலாதவர் பற்றியவை. அத்தகைய ஆய்வுக்கு மாநில ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதற்கான நிபந்தனைகளில் ஒன்று, ஆய்வு நடத்துவோர் தங்கள் நலன்களை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும், நலன் முரண் எதுவும் இருக்கக் கூடாது என்பது. மருந்துக் கம்பெனிப் பணத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். ஆனாலும், தான் உள்நோயாளியாக இருந்த வார்டு போன்ற ஒரு வார்டில் தனித்து அடைக்கும் வழக்கத்தை ஆராய விரும்பும் உளவியலாளர் இந்த இடத்தில் என்ன எழுதுவார்? தன் பழைய சிகிச்சை ஒரு நலனா? அது முரணா? சட்டம் பேசாமல் விட்டதை நெறிமுறைக் குழு தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும். அந்த மௌனத்தைத் துணிந்து சோதிக்கிறவர் குறைவு. வாயை மூடிக்கொண்டு விண்ணப்பிப்பது எளிது. இதற்கு மறுமொழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. முந்தைய சிகிச்சையோ மருத்துவமனைச் சேர்க்கையோ மட்டுமே பிற்பாடு ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கப் போதாது என்கிறது மூன்றாம் பிரிவு. நோயைத் தீர்மானிக்கவே போதாத ஒன்று, நேர்மையைச் சந்தேகிக்க மட்டும் எப்படிப் போதும்?

நான்காம் உட்பிரிவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இதுவரையிலான எழுத்துகள் அதை ஒரு நடைமுறை வசதியாகவே கடந்து போய்விட்டன. தகவலறிந்த ஒப்புதல் தர இயலாத ஒருவரின் நோய்க்குறிப்புகளை, வார்டில் கேஸ் ஷீட் என்கிறோமே அவற்றை, பெயர் வெளிப்படாமல் ஆய்வுக்குப் பயன்படுத்த இந்தப் பிரிவு தடையில்லை என்பது அதன் சாரம். இதை 25ஆம் பிரிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நோயாளி தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளை, விதிகள் குறிப்பிட்ட அளவில் பெறலாம் என்கிறது 25. அவருக்குக் கடுமையான மனத் தீங்கு விளையும் என்றாலோ பிறருக்கு ஆபத்து என்றாலோ சில தகவல்களை நிறுத்தியும் வைக்கலாம். ஆக, ஓர் உளவியலாளர் இன்னொருவரின் கேஸ் ஷீட்டை முழுவதும் படித்து அதிலிருந்து கட்டுரை எழுதலாம். அதே உளவியலாளர் ஒருகாலத்தில் அந்த வார்டில் படுத்திருந்தால், தன்னைப் பற்றி எழுதப்பட்டதில் அடிப்படைப் பதிவுக்கு மட்டுமே உரிமையுடையவர். தகுதி ஒன்று, ஆள் ஒன்று. மேசையின் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து எட்டும் சான்று மாறுகிறது.

இந்த வாசிப்பை அளவுக்கு மீறி நீட்டக் கூடாது. நான்காம் உட்பிரிவு ஒப்புதல் தர இயலாதவருக்கு மட்டுமே பொருந்துவது. அதன்படி நடக்கும் ஆய்வுகளுக்கும் நெறிமுறைக் குழு உண்டு. இரண்டு பிரிவுகளும் வெவ்வேறு தேவைகளுக்காக எழுந்தவை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் சாய்வு ஒரே பக்கமாகவே இருக்கிறது.

நோயனுபவம் ஆய்வாளரின் பார்வையைக் கோணலாக்கும் என்ற ஆட்சேபணைக்கு அதிக இடம் தேவையில்லை. கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் 1990இல் கூட்டாசிரியராக எழுதிய இருமுனைக் கோளாறு பற்றிய பெருநூல் துறையின் அடிப்படை நூலாக ஏற்கப்பட்ட பிறகு, 1995இல் தனக்கே அந்த நோய் இருப்பதைத் தன்வரலாற்றில் வெளியிட்டார். அதனால் அந்த நூலை யாரும் அலமாரியிலிருந்து எடுத்துவிடவில்லை. தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கான சிகிச்சை முறையை உருவாக்கிய மார்ஷா லினெஹன் 2011இல்தான் தன் நோயைப் பற்றிப் பேசினார். இருவரும் பெயரும் நல்கையும் நிலைபெற்ற பிறகே வாய் திறந்தார்கள் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. மறைப்பதே நுழைவுக் கட்டணமாக இருந்திருக்கிறது.

நோயனுபவம் உள்ளவரிடம் தலைமையும் பணமும் இருந்தால் முடிவுகள் மாறுமா? மாறியதற்கு ஒரு சான்று போதும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2001இல் தொடங்கிய, சிகிச்சை பெற்றவர்களே ஆய்வாளர்களாகச் சம்பளம் பெறும் பிரிவிலிருந்து டயானா ரோஸும் சக ஆய்வாளர்களும் 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு மீளாய்வை வெளியிட்டார்கள். மின்னதிர்ச்சிச் சிகிச்சை பற்றி நோயாளிகளின் கருத்தைக் கேட்ட 35 ஆய்வுகளை எடுத்துக்கொண்டார்கள். 26 மருத்துவர்கள் நடத்தியவை. 9 நோயாளிகள் நடத்தியவை அல்லது அவர்களோடு சேர்ந்து நடத்தப்பட்டவை. மருத்துவர் கேட்டபோது திருப்தி கூடியது. நோயாளி கேட்டபோது குறைந்தது. குறைந்தது மூன்றில் ஒருவர் நீடித்த ஞாபக இழப்பைச் சொன்னார்கள். பத்தில் எட்டுப் பேருக்குத் திருப்தி என்று வழங்கிவந்த கூற்று அடிபட்டது. சிகிச்சை முடிந்த கையோடு, மருத்துவமனையிலேயே, சிகிச்சை தந்தவரே, சில கேள்விகளோடு நிறுத்திக்கொண்டால் என்ன பதில் வரும் என்பது படுக்கையில் இருந்தவருக்குத் தெரியும். அந்தத் தெரிதல் ஆய்வுமுறைக்குள் வந்ததற்குக் காரணம், அதற்கென ஊதியமுள்ள பணியிடங்கள் இருந்தது.

நம் நாட்டில் தசைத்தளர்ப்பானும் மயக்கமருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சிச் சிகிச்சை தருவதை 95ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. ஆனால் சிகிச்சை பெற்றவர் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் கழித்து, என்ன மறந்தது என்று அவரிடம் கேட்பதற்குப் பணம் தேவை. வெல்கம் போன்ற நல்கையாளர்கள் மனநல ஆய்வில் நோயனுபவம் உள்ளவர்களை ஈடுபடுத்தச் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் ஆலோசகராக ஈடுபடுகிறவர் கூட்டத்துக்கு வந்து போகும் செலவை வாங்கிக்கொண்டு போகிறார். கேள்வி முதன்மை ஆய்வாளருடையதாகவே இருக்கிறது. கேள்வி தன்னுடையதாக இருக்க வேண்டுமென்றால் வெளியே போக வேண்டியிருக்கிறது. புனேயில் 1999இல் பாபு அறக்கட்டளையைத் தொடங்கிய பார்கவி தாவர், ஐஐடி பம்பாயில் முனைவர் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்குள் நின்றல்ல, தனியாக ஓர் அமைப்பைக் கட்டித்தான் அவர் தன் ஆய்வைத் தொடர்ந்தார்.

நல்கை விதிகளின் உண்மையான முட்டுக்கட்டை காலம். யுஜிசி இளநிலை ஆய்வாளர் ஆண்டுக்கு உதவித்தொகையோடு எடுக்கக்கூடிய பொது விடுப்பு 30 நாள். உதவித்தொகை பெறுபவர் பணியாளர் அல்லர் என்பது வழக்கமான நிலைப்பாடு. ஆகவே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசுப் பணியாளருக்குத் தரும் நியாயமான ஏற்பாடுகள் அவரை எட்டுவதில்லை. மூன்று மாதம் படுத்துவிட்ட ஒருவரின் திட்டம் காலாவதியாகிறது.

இதைக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையோடு ஒப்பிடலாம். அங்கே பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஒரு பட்டறையில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் லேத் ஆபரேட்டருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சாதாரண நோய்க்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம். நீண்டகால நோய்கள் 34இன் பட்டியலில் மனச்சிதைவு உள்ளிட்ட உளப்பிணிகளும் இருக்கின்றன. இரண்டாண்டுத் தொடர் பணியும், அதில் 156 நாள் சந்தாவும் இருந்தால் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. நோய்ப் பயன் பெறும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு. காண்ட்ராக்டர் மாறி இடைவெளி விழுந்தவர்களுக்கு இது கைகூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்கு வரும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களில் பலர் இந்த வகை. விதி என்ற அளவில் பார்த்தால், மனநோய் வந்த கடைசல்காரரை ஒரு நாள் திரும்பி வரக்கூடியவராகக் கருதுகிற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. மனநோயை ஆராயும் உளவியலாளருக்கு அது இல்லை.

நல்கையைக் காலம் நீட்டினால் கணக்கு குழம்பும் என்று நிதித்துறையினர் சொல்வதை இதற்கு மேல் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முக்கால் சதவீதம் தொழிலாளரிடமும், மூன்றே கால் சதவீதம் முதலாளியிடமும் வாங்கி இ.எஸ்.ஐ. அந்தக் கணக்கை நடத்துகிறது. நல்கைத் தொகையில் அதே விகிதத்தை ஒதுக்கினால் நோய்விடுப்புக்கும் மாற்று ஆளுக்கும் தொடக்கம் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆம் பிரிவு, தனிநபர்கள் வழியாகவும் நிறுவனங்கள் வழியாகவும் ஆய்வை முன்னெடுக்க அரசைக் கடமைப்படுத்துகிறது. அந்தத் தனிநபர் மாற்றுத்திறனாளியாகவே இருக்கலாம் என்று படிக்கத் தடையேதும் இல்லை. 99ஆம் பிரிவின் நலன் முரண் நிபந்தனையில் முந்தைய சிகிச்சை சேராது என்று தெளிவுபடுத்த நாடாளுமன்றத் திருத்தம் வேண்டியதில்லை. மாநில மனநல ஆணையம் தன் விதிமுறை அதிகாரத்துக்குள் அதைச் செய்யலாம். விடுப்புக் காலத்தைத் திட்டக் காலத்தில் சேர்க்காமல் நிறுத்தி வைப்பதற்கு நல்கை தரும் நிறுவனத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.