திரும்பி வந்த வரியும் ஆண்டுக் கணக்கும்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரி முடிவதற்குள் பலரது கைக்கு 1099-ஜி என்னும் படிவம் வந்து சேர்கிறது. முந்தைய ஆண்டில் மாநில அரசு திருப்பித் தந்த வருமான வரி இவ்வளவு என்று அது தெரிவிக்கும். அதைப் பெற்றவர் மனத்தில் எழும் கேள்வி எளியது. அதிகமாகக் கட்டிய என் பணம்தானே என்னிடம் திரும்பியது? அதை வருமானம் என்று ஃபெடரல் அரசிடம் ஏன் கூற வேண்டும்? விடை தேட நாம் உள்நாட்டுப் போர்க் காலத்துக்குச் செல்ல வேண்டும்.

போர்ச் செலவை ஈடுகட்ட லிங்கன் ஆட்சியில் இயற்றப்பட்ட 1862ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலத்துக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் கட்டிய வரியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளித்தது. அந்த வருமான வரி 1872இல் மறைந்தது. அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தத்தையடுத்து 1913இல் வருமான வரி மீண்டும் வந்தபோது, இக்கழிவும் உடன் வந்தது. ஓர் அரசு எடுத்துக்கொண்ட பணத்தின் மீது மற்றோர் அரசும் கைவைக்கலாகாது என்பதே இதன் பின்னுள்ள நியாயம்.

ஆனால், கழித்த பணம் மறு ஆண்டு திரும்பிவந்தால்? பழைய கணக்கைத் திறந்து திருத்துவதா, புதிய ஆண்டின் வரவாகக் கொள்வதா?

இதையொத்த ஒரு வழக்கில் 1931இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சான்ஃபோர்ட் அண்ட் புரூக்ஸ் நிறுவனம் டெலாவேர் ஆற்றைத் தூர்வாரும் பணியில் நட்டமடைந்து, வழக்காடி, 1920இல் வட்டியுடன் சுமார் 1,92,000 டாலர் பெற்றது. இழந்ததைத்தானே மீட்டோம் என்றது நிறுவனம். வரிக்கணக்கு ஆண்டுக்காண்டு முடிய வேண்டும், 1920இல் வந்தது 1920இன் வருமானமே என்றது நீதிமன்றம். முந்தைய நட்டத்தால் நிறுவனத்துக்கு வரிப்பயன் கிடைத்ததா என்பது பொருட்படுத்தப்படவில்லை. அரசுக்கு அது ஒழுங்கு, குடிமகனுக்கோ அநீதி.

அந்த அநீதியை ஓரளவு நீக்கியது 1942ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம். திரும்ப வந்த வாராக்கடன், முன்னர் கட்டிய வரி முதலியவற்றை, அவற்றைக் கழித்தபோது வரி குறைந்திருந்தால் மட்டுமே, அந்த அளவுக்கு வருமானத்தில் சேர்க்கலாம் என்றது. 1954ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இது 111ஆம் பிரிவாயிற்று. வரிப்பயன் விதி என்று இதை அழைக்கிறார்கள்.

இதற்கிடையே 1944இல் நிலைக்கழிவு வந்தது. செலவுகளைத் தனித்தனியே பட்டியலிடாமல் இதனைத் தேர்ந்தவர், கட்டிய மாநில வரிக்கெனத் தனியாக எந்தப் பயனும் பெறுவதில்லை. எனவே அவருக்குத் திரும்பிய வரி, படிவம் வந்தாலும், ஃபெடரல் கணக்கில் வருமானமாகாது. படிவத்தைக் கண்டு அஞ்சி, கட்ட வேண்டாத வரியைக் கட்டுவதற்கு இங்குதான் வாய்ப்பு மிகுதி.

2017ஆம் ஆண்டுச் சட்டம் மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 10,000 டாலர் உச்சவரம்பு விதித்தபோது கணக்கு மேலும் நுட்பமாயிற்று. செலவுகளைப் பட்டியலிடும் ஒருவர் வருமான வரியாக 9,000, சொத்து வரியாக 4,000 கட்டியதாகக் கொள்வோம். கழிக்க முடிந்தது 10,000 மட்டுமே. மாநிலம் 1,500 திருப்பித் தந்தால், அவர் உண்மையில் கட்டியது 11,500. அப்போதும் கழிவு 10,000தான். ஆகவே அவர் எதையும் வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை. 4,000 திரும்பியிருந்தால் கட்டியது 9,000 ஆகும். கூடுதலாகக் கழித்த 1,000 வருமானத்தில் சேரும், அதுவும் அக்கழிவால் அவர் வரி குறைந்திருந்தால். வருமான வரித்துறையும் 2019இல் தன் விளக்க ஆணையில் இவ்வழியையே காட்டியது.

2025இல் அவ்வாண்டுக்கான வரம்பு, உயர் வருமானத்தாருக்குச் சில குறைப்புகளுடன், 40,000 டாலராக உயர்த்தப்பட்டது. முழுக்கழிவு மீண்டும் கிட்டியவர் பலருக்குத் திரும்பும் பணம் மீண்டும் வருமானமாகும்.

திரும்பி வந்த பணம் என் பணம்தானே என்ற கேள்விக்குச் சட்டம் இல்லையென்று சொல்லவில்லை. அப்பணத்தைக் காட்டி முன்பு சலுகை பெற்றாயா என்று மட்டும் கேட்கிறது. ஆண்டுக்கொரு முறை கணக்கை முடித்துவிடும் அரசு, முடித்த கணக்கின் நினைவையும் காக்கக் கற்றுக்கொண்ட வரலாறாகவே இதை நாம் வாசிக்கிறோம். கேட்கத் தெரிந்தவனுக்கு அந்த நினைவு காவலாக நிற்கிறது.