ஹெவிவெயிட் வரிசையில் ஹவா சிங்கின் இடம்

ஹவா சிங் 1961 முதல் 1972 வரை தொடர்ந்து 11 முறை இந்தியாவின் தேசிய ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்றவர். பாங்காக்கில் நடந்த 1966, 1970 ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இரண்டிலும் தங்கம் பெற்றார். அடுத்தடுத்த இரு ஆசியப் போட்டிகளில் தங்கம் பெற்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர் அவர் ஒருவரே. ஒரு பிரிவை இப்படிப் பத்தாண்டுக்கும் மேலாகக் கைக்குள் வைத்திருந்த ஒருவரைப் பின்னால் வந்தவர்களோடு எந்த அளவுகோலால் ஒப்பிடுவது என்பது எளிதில் தீரும் கேள்வி அன்று. உலக ஹெவிவெயிட் வரலாற்றில் அந்த அளவுகோல் எப்படி உருவாயிற்று என்பதைப் பார்த்த பிறகே இந்திய வரிசைக்கு வர முடியும்.

உலக அளவில் தரவரிசை போடும் பழக்கத்துக்கு வலுவூட்டியவர் 1922இல் ‘தி ரிங்’ இதழைத் தொடங்கிய நாட் ஃபிளைஷர். எல்லாக் காலத்துக்குமான அவருடைய ஹெவிவெயிட் பட்டியலில் முதலிடம் ஜாக் ஜான்சனுக்கு. அடுத்து ஜெஃப்ரிஸ், ஃபிட்ஸிம்மன்ஸ், டெம்ப்சி. ஜோ லூயிஸுக்குக் கிடைத்தது 6ஆம் இடம், ராக்கி மார்சியானோவுக்கு 10ஆம் இடம். முகமது அலிக்கு இடமே இல்லை. இளமையில் கண்ட வீரர்களே பெரியவர்களாகத் தோன்றும் இயல்பு ஃபிளைஷரைப் போன்ற தேர்ந்த பார்வையாளரையும் விடவில்லை. கண்ணால் கண்டவரின் சாட்சியம் மதிப்புள்ளதுதான்; ஆனால் அதை மட்டும் வைத்து வரிசை போட முடியாது.

எண்களைக் கொண்டு தீர்க்கும் முயற்சி 1967இல் நடந்தது. மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வோரோனர், முன்னாள் சாம்பியன்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றிக் கற்பனைப் போட்டிகளை நடத்தினார். இறுதியில் டெம்ப்சியை மார்சியானோ வென்றதாக முடிவு வந்தது. தம்மை ஜெஃப்ரிஸிடம் தோற்றவராகக் காட்டியதற்காக அலி வழக்குத் தொடர்ந்தார். அதன் தொடர்ச்சியாக 1969இல் அலியும் மார்சியானோவும் படப்பிடிப்புக்காக எதிரெதிரே நின்று பல சுற்றுகள் மோதிக் காட்டினார்கள். படம் 1970 ஜனவரியில் வெளிவந்தபோது மார்சியானோ விமான விபத்தில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அமெரிக்கத் திரையரங்குகளில் 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட பிரதியில் அலி வென்றார். பார்வையாளர் யார் என்பதைப் பொறுத்து மாறிய இந்த முடிவு, காலம் கடந்த ஒப்பீட்டில் எண்களுக்கு உள்ள எல்லையைத் தெளிவாகவே காட்டிவிட்டது.

இவற்றுக்கு இடையில் மூன்று அளவுகள் நிலைபெற்றன. முதலாவது, ஆட்சியின் நீளம். ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்தார். விளாடிமிர் கிளிட்ஷ்கோ 2006இல் தொடங்கிய இரண்டாவது ஆட்சியில் அடுத்தடுத்து 18 முறை காத்து, 2015 நவம்பரில் டைசன் ஃபியூரியிடம் இழந்தார். இரண்டாவது, தோல்வியின்மை. 49 போட்டிகளில் 49 வெற்றியோடு ஓய்வு பெற்ற மார்சியானோவை இதில் எட்டிய ஹெவிவெயிட் சாம்பியன் வேறு இல்லை. மூன்றாவதுதான் கடினமானது: எதிரே நின்றவரின் தரம். மார்சியானோ 1951இல் வீழ்த்திய லூயிஸ் தம் உச்சத்தை எப்போதோ கடந்தவர். டெம்ப்சியின் காலத்தில் கறுப்பின வீரர் ஹாரி வில்ஸுக்குப் பட்டப் போட்டி மறுக்கப்பட்டது. வராத எதிரியால் டெம்ப்சியின் ஆட்சி எளிதாயிற்று. அலியின் பெருமை இதற்கு நேர்மாறாக நிற்கிறது. லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மன், நார்ட்டன் என அவர் காலத்து எதிரிகள் ஒவ்வொருவரும் தனித்து நின்றாலும் பெரிய பெயர்களே. அலிக்கு 5 தோல்விகள் இருந்தும் அவரைப் பலர் முதலிடத்தில் வைப்பதற்கு இதுவே காரணம்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தில் தரம் பார்க்கும் முறை இங்கே உதவும். வண்டன்மேடு, போடிமெட்டுச் சரிவுகளிலிருந்து இறங்கும் காயைச் சல்லடையில் இட்டு 7 மி.மீ., 8 மி.மீ. என்று பருமன் பார்ப்பார்கள். லிட்டர் எடையைத் தனியாகப் பார்ப்பார்கள். பருமன் இருந்தும் உள்ளே விதை நிறையாத காய் லிட்டர் எடையில் அகப்பட்டுக்கொள்ளும். ஆட்சியின் நீளம் பருமன் என்றால் எதிரிகளின் தரம் லிட்டர் எடை. இரண்டையும் தனித்தனியே நிறுத்த வேண்டும்.

இந்த இரண்டு அளவிலும் ஹவா சிங்கைப் பார்க்கலாம். 1937 டிசம்பர் 16 அன்று இன்றைய ஹரியானாவின் உமர்வாஸில் பிறந்த அவர் 1956இல் ராணுவத்தில் சேர்ந்தார். 1966இல் அர்ஜுனா விருது பெற்றார். பாங்காக் இறுதிப் போட்டிகளில் 1966இல் பாகிஸ்தானின் அப்துல் ரஹ்மானையும் 1970இல் ஈரானின் ஓம்ரான் கதாமியையும் வென்றார். அன்றைய ஹெவிவெயிட் என்பது 81 கிலோவுக்கு மேல் எத்தனை எடை இருந்தாலும் ஒரே பிரிவு. 91 கிலோவுக்கு மேற்பட்டோருக்கான சூப்பர் ஹெவிவெயிட் பின்னால் வந்தது. ஒலிம்பிக்கில் அது 1984இல்தான் நுழைந்தது. ஆகவே தம்மைவிட எவ்வளவு கனமான எதிரி வந்தாலும் ஹவா சிங் அவரோடு மோத வேண்டியிருந்தது. பிரிவுகள் பெருகிய காலத்தில் பட்டம் வென்றவர்களுக்கு இந்தச் சோதனை இல்லை.

குறையும் இருக்கிறது. ஒலிம்பிக் மேடையில் அவர் இறங்கவில்லை. கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் ஹெவிவெயிட் தங்கம் வென்று அமெச்சூர் குத்துச்சண்டைக்கு வைத்த உயரத்தோடு ஹவா சிங்கை நேராக நிறுத்த வழியில்லை. ஆசியாவின் அன்றைய பலமும் கீழ் எடைகளில்தான் இருந்தது. சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்த கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் 1994க்கு முன் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வரவில்லை.

தமிழ்நாட்டின் குத்துச்சண்டை மரபும் கீழ் எடைகளைச் சார்ந்ததே. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகளைக் கொண்டாடிய வடசென்னை பல நல்ல வீரர்களைத் தந்தது. 1971இல் முனிசாமி வேணு அர்ஜுனா விருது பெற்றார். 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற வி. தேவராஜனும் பின்னர் அதைப் பெற்றார். ஹெவிவெயிட்டில் இவர்களுக்கு நிகரான பெயர் இங்கே எழவில்லை. 1980இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் மோதியபோது நேரு விளையாட்டரங்கத்தில் திரண்ட கூட்டம், அந்த எடைமீது இந்த ஊருக்கு இருந்த ஆசையைச் சொல்லும்.

அதே ஆண்டு ஜனவரியில் டெல்லியில் அலியோடு காட்சிப் போட்டியில் நின்றவர் கவுர் சிங். பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தைச் சேர்ந்த ராணுவ வீரர். குத்துச்சண்டைக்கு வந்ததே தாமதமாக. 1980இல் மும்பையில் ஆசிய சாம்பியன், 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம், 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். குறுகிய காலத்தில் இவ்வளவு உயரம் எட்டியதும் ஒலிம்பிக் மேடை ஏறியதும் ஹவா சிங்கிடம் இல்லாத சிறப்புகள். ஆனால் அவருடைய உச்சம் சில ஆண்டுகளே நீடித்தது.

எதிரியின் தரம் ஒன்றை மட்டும் கொண்டால் இன்னொரு பெயரையும் சேர்க்க வேண்டும். 2021இல் துபாயில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பின் 91 கிலோ இறுதியில் சஞ்சீத், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற கஜகஸ்தானின் வாசிலி லெவிட்டை 4-1 என்று வென்றார். ஒரே போட்டியின் கனத்தில், ஹவா சிங்கோ கவுர் சிங்கோ ஆசியாவில் பெற்ற எந்த வெற்றியையும்விட இது மேலானது. எனினும் ஒரு வெற்றி ஓர் ஆட்சி ஆகாது.

பட்டங்களுக்கு வெளியேயும் ஹவா சிங்கின் கணக்கு நீள்கிறது. ஓய்வுக்குப் பின் பிவானியில் பயிற்சியாளராக இருந்து அவர் வளர்த்த மரபிலிருந்துதான் அந்த ஊர் இந்தியக் குத்துச்சண்டையின் தலைநகராயிற்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் அங்கிருந்து வந்தவரே. பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியார் விருது அறிவிக்கப்பட்டும், அதைப் பெறச் சில நாட்களே இருந்தபோது 2000 ஆகஸ்ட் 14 அன்று அவர் காலமானார்.

உலக வரிசையில் ஹவா சிங்குக்கு இடம் கோர ஆதாரம் இல்லை. இந்திய ஹெவிவெயிட் வரிசையில், எதிரிகளின் தரத்துக்காக உரிய கழிவு கொடுத்த பிறகும், முதலிடம் அவருக்கே; இரண்டாமிடம் கவுர் சிங்குக்கு.