சருகுக்கு வைக்கும் தீ: இந்திய நகரங்களில் திறந்தவெளி எரிப்புத் தடை உருவான வரலாறு (1860–2016)

1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 278-ஆம் பிரிவு காற்றைக் கெடுப்பதைக் குற்றமாக்கியது. அக்கம்பக்கத்தில் குடியிருப்போர், தொழில் செய்வோர், பொதுவழியில் போவோர் ஆகியோரின் உடல்நலத்துக்குக் கேடு வரும்படி வேண்டுமென்றே காற்றைக் கெடுப்பவருக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்றது. அன்றைக்கு அது பெருந்தொகை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தத் தொகை மாறவேயில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதே குற்றத்தை 280-ஆம் பிரிவில் வைத்து அபராதத்தை 1,000 ரூபாயாக உயர்த்தியது.

வாசலில் உதிர்ந்த வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்துகிறவரை இந்தப் பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் நிறுத்த ஏட்டளவில் தடையில்லை. நடைமுறையில் அவர் வேண்டுமென்றே காற்றைக் கெடுத்தார் என்றும், ஏதோ ஓர் ஆஸ்துமா நோயாளிக்கு மட்டுமன்றி அவ்விடத்து மக்களுக்கே பொதுவாகக் கேடு வந்தது என்றும் மெய்ப்பிக்க வேண்டும். ஒரு மணி நேரம் புகைந்து அடங்கும் தெருமுனைக் குவியல் அந்த அளவுகோலுக்குள் எளிதில் அகப்படாது.

அப்படியானால் தோட்டக் கழிவை எரிப்பது எப்போது, எந்த வழியாகச் சட்டத்தின் பார்வைக்கு வந்தது? காற்றைக் காக்க எழுந்த சட்டங்கள் வழியாக என்று எண்ணத் தோன்றும். ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சருகைப் பெயர் சொல்லித் தடுத்தவை குப்பையைப் பற்றிய விதிகள்தாம். இந்த வேறுபாடு சிறியதன்று. குப்பை விதி என்றால் அள்ள வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். எரிப்பவரைப் பற்றிய பேச்சில் அள்ள வேண்டியவர் மறைந்துபோவதே இன்றைய சிக்கலின் வேர் என்பது என் கருத்து.

காலனியாட்சியின் புகைச் சட்டங்கள் அண்ணாந்து பார்த்தவை. கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் 1863-இலேயே புகைத் தொல்லைச் சட்டம் வந்தது. 1905-இல் வங்காளத்திலும் 1912-இல் பம்பாயிலும் விரிவான சட்டங்கள் பிறந்தன. அவற்றின் இலக்கு நிலக்கரி எரித்த ஆலை உலைகளும் அவற்றின் புகைபோக்கிகளும். எவ்வளவு கறுப்பாகப் புகை வருகிறது என்பதுதான் அளவீடு. இலைக்குவியலின் வெளுத்த, தாழ்ந்து பரவும் புகையை அந்த ஏற்பாட்டில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கிராமத்தில் அன்று சருகுக்கு வேலை இருந்தது. மாட்டுத் தொழுவத்தில் பரப்பினார்கள், எருக்குழியில் தள்ளினார்கள், நெல் அவிக்கும் அடுப்பில் போட்டார்கள். இந்த வழக்கத்தை முறைப்படுத்திய ஆராய்ச்சியும் இந்திய மண்ணிலேயே நடந்தது. ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த பயிர்த்தொழில் நிலையத்தில் யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து உருவாக்கியது இந்தூர் முறை. தாவரக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, குறித்த இடைவெளியில் கிளறிவிட்டால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் மட்கு உரம் ஆகிவிடும். 1939-இல் சி. என். ஆச்சார்யா பெங்களூரில் வகுத்த முறையில் கிளற வேண்டியதில்லை. நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் குழியில் அடுக்கி மூடிவிட்டு ஆறு முதல் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, நகரத்துச் சருகை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை விடுதலைக்கு முன்பே கையில் இருந்தது. சட்டத் தடை அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்தே வந்தது.

1972-இல் ஸ்டாக்ஹோம் மாநாடு. 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்த 48அ, 51அ உறுப்புகள். 1981-இல் காற்று மாசு தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1981 சட்டத்தின் 19(5) பிரிவு இங்கே முக்கியமானது. எரிபொருள் அல்லாத எந்தப் பொருளையும் எரிப்பதால் காற்று மாசுபடும் என்று மாநில அரசு கருதினால், மாசு கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் அதை அரசிதழ் அறிவிப்பு மூலம் தடை செய்யலாம் என்கிறது அது. சருகு அந்த வரையறைக்குள் வரும். ஆனால் இது அரசின் கையில் கொடுக்கப்பட்ட அதிகாரம். அறிவிப்பு வந்தால்தான் தடை. எரிக்கக் கூடாது என்று குடிமகனிடம் நேராகச் சொல்லும் வாக்கியம் அதில் இல்லை.

அந்த வாக்கியம் வந்தது வேறு திசையிலிருந்து. 1994-இல் சூரத்தில் பரவிய பிளேக் நகரக் குப்பையை நாடு தழுவிய கவலை ஆக்கியது. 1996-இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அமைத்த அசிம் பர்மன் குழு 1999-இல் அறிக்கை தந்தது. அதன் விளைவே 2000 செப்டம்பர் 25-இல் வெளியான நகராட்சித் திடக்கழிவு விதிகள். அவற்றின் இரண்டாம் அட்டவணையில், குப்பை சேகரிப்பு பற்றிய பகுதியில், ஒரு சிறு வரி இருக்கிறது: கழிவை எரிக்கக் கூடாது. கழிவு என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் குப்பையும் காய்ந்த இலைகளும் என்று விளக்கம். காய்ந்த இலை நாடு முழுமைக்குமான ஒரு விதியில் இப்படிப் பெயர் பெற்று நிற்பதை நான் பெரும் திருப்பமாகவே காண்கிறேன். அதே அட்டவணை தோட்டக் கழிவைத் தனியே சேகரித்து அகற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. தடையும் கடமையும் ஒரே பக்கத்தில் பிறந்தன. பிறகு தடை மட்டும் ஊரெங்கும் தெரிந்தது.

இந்த வரிக்குப் பின்னால் உள்ள உடல்நலக் காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இலை எரிவது இயற்கைதானே, பிளாஸ்டிக் கலக்காவிட்டால் தீங்கில்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. காலையில் கூட்டிய ஒரு குவியலைக் கவனியுங்கள். மேலே உள்ள சருகு சட்டென்று பிடித்துச் சில நிமிடங்களில் அடங்குகிறது. அடியில் பனியோ மழையோ நனைத்த இலை, மண் ஒட்டிய வேர், பச்சைக் கொப்பு. அங்கே சுவாலை நிற்பதில்லை. மணிக்கணக்கில் கனன்று புகைகிறது. வெப்பம் குறைவு, உயிர்வளி போதாது; ஆகவே எரிதல் பாதியில் நிற்கிறது. அந்த வெண்புகையில் கார்பன் மோனாக்சைடு, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு, புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் எல்லாம் இருக்கின்றன. 2.5 மைக்ரோமீட்டரினும் சிறிய நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. மூக்கின் முடியோ சளியோ அவற்றைத் தடுக்காது. ஆலைப் புகை உயரத்தில் வெளியேறிக் கலைகிறது. இந்தப் புகை மூச்சு விடும் உயரத்திலேயே பிறக்கிறது. மார்கழி, தை மாத விடியலில் தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெதுவெதுப்பான அடுக்கு மூடியிருப்பதால் மேலே போகவும் வழியில்லை.

போகியன்று சென்னையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 2018 ஜனவரி 13 அன்று பழைய பொருள்களோடு டயரும் எரிந்த புகை பனியோடு கலந்து ஓடுபாதையை மறைத்தது. சென்னைக்கு வந்த விமானங்கள் பல வேறு நகரங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. ஆண்டுக்கு ஒருநாள் வரும் போகியைப் பற்றி அறிக்கைகள் நிறைய. ஆண்டு முழுதும் தெருமுனையில் கனலும் குவியல்களை அளப்பவர் குறைவு.

பிளாஸ்டிக் கலந்தால் நிலை இன்னும் மோசம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சார்ந்த ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு வீட்டுக் குப்பையைப் பீப்பாயில் எரிப்பதை அளந்தது. நாள்தோறும் எரிக்கும் இரண்டு முதல் நாற்பது வீடுகள், நாளொன்றுக்கு 200 டன் எரிக்கும் நவீன எரியூட்டு ஆலையின் அளவுக்கு டயாக்சின் வெளியிடக்கூடும் என்று கண்டது. ஆக்ராவைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றும் இங்கே பொருந்தும். தாஜ்மகால் கருமையாவதற்கு அதுவரை சாண வரட்டி அடுப்புகளும் குற்றம் சாட்டப்பட்டன. கணக்கிட்டபோது, பளிங்கின் ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு வரட்டிப் புகையால் படியும் நுண்துகள் ஏறத்தாழ 12 மில்லிகிராம், தெருக்குப்பை எரிப்பால் படிவது ஏறத்தாழ 150 மில்லிகிராம் என்று தெரிந்தது.

தமிழ்நாட்டுக்கு நேரான சான்று வேறொரு வகையில் கிடைக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் விறகடுப்புப் புகையை ஆண்டுக்கணக்காக அளந்து வந்தவர்கள். 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2018-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, கர்ப்ப காலத்தில் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் பிறப்பு எடை 4 கிராம் குறைகிறது. இது எல்லா மூலங்களிலிருந்தும் வரும் துகளைப் பற்றியது. சருகுப் புகையைத் தனியே பிரிக்கவில்லை. ஆனால் விறகும் சருகும் ஒரே தாவரப் பொருள். கருவிலிருக்கும் குழந்தைக்குப் புகை எங்கிருந்து வந்தது என்ற கணக்கில்லை. சட்ட வரம்புகளும் இந்த அறிவோடு மெல்லத்தான் நகர்ந்தன. நுண்துகளுக்கு இந்தியா வரம்பு விதித்தது 2009-இல்: ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 5.

2016-க்கு வருவோம். ஏப்ரல் 8 அன்று வந்த புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகளின் நான்காம் விதி, கழிவை உண்டாக்குபவர் எவரும் தம் வளாகத்துக்கு வெளியே தெருவிலோ பொதுவெளியிலோ, வடிகாலிலோ நீர்நிலையிலோ அதை எறியவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்றது. வளாகத்துக்கு வெளியே என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். சொந்தக் கொல்லைக்குள் எரித்தால்? புகை மதில் பார்த்து நிற்காது. விதியின் வாசகம் நின்றது. 2000-ஆம் ஆண்டின் நேரடியான வரியோடு ஒப்பிட்டால் இது பின்னடைவு என்பேன். அதே விதி, தோட்டக் கழிவை அவரவர் வளாகத்திலேயே தனியாகச் சேர்த்து வைத்து உள்ளாட்சி சொல்லும் முறையில் அகற்ற வேண்டும் என்றும் பணித்தது. பூங்காக் கழிவை இயன்றவரை பூங்காவிலேயே மட்கச் செய்யும் கடமை உள்ளாட்சிக்கு இருந்தது.

இடைவெளியை அடைத்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அல்மித்ரா படேலின் வழக்கு 2014-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து அங்கே மாற்றப்பட்டிருந்தது. 2016 டிசம்பர் 22 அன்று நீதிபதி ஸ்வதந்தர் குமார் தலைமையிலான அமர்வு, குப்பைக் கிடங்குகள் உட்பட நாடெங்கும் நிலங்களில் கழிவைத் திறந்தவெளியில் எரிக்க முழுத் தடை விதித்தது. சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாய், பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாய் இழப்பீடு. வழக்குத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ஆணைக்குப் பத்து நாள் முன்பு, டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்திருந்தது. தெருத்தெருவாகக் கிளையும் தழையும் மலையாகக் குவிந்து கிடந்தன. எரிக்காதே என்று தில்லியில் ஆணை எழுதப்பட்டபோது, நாட்டின் பெருநகரம் ஒன்று தன் தழையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றது. தடையையும் கழிவை அள்ளும் வண்டியையும் சேர்த்து யோசிக்காததன் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

சேர்த்து யோசித்த நகரம் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் வீட்டுக்கு வீடு கொல்லையில் குப்பை எரிக்கும் சிறு உலை இருந்தது. 1943 முதல் புகைமூட்டம் கண்ணைக் கரிக்க, 1947-இலேயே அந்த உலைகளை மூட வல்லுநர் பரிந்துரை வந்தது. மக்கள் எதிர்த்தார்கள், அரசியல்வாதிகள் தயங்கினார்கள், பத்தாண்டு போயிற்று. 1957 அக்டோபர் 1 அன்று தடை வந்தபோது, எரியக்கூடிய குப்பையை வீட்டு வாசலில் வந்து எடுக்கும் நகரச் சேவையும் அதே ஆண்டில் தொடங்கியது.

இங்கே தீக்குச்சி கிழிப்பவர் பல நேரம் வீட்டுக்காரர் அல்லர். தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்தான். தள்ளுவண்டித் தொட்டியில் இரண்டு வீட்டுச் சருகு போட்டாலே நிறைந்துவிடும். எடை குறைவு, இடம் பெரிது. கூட்டிய இடத்தில் விட்டால் காற்று மீண்டும் பரப்பும், மேற்பார்வையாளர் ஏசுவார். கொளுத்தினால் குவியல் ஒருபிடி சாம்பலாகும். அந்தப் புகையை முதலில் முழுதாகச் சுவாசிப்பவரும் அவரே. தீர்ப்பாயத்தின் 5,000 ரூபாயை அவரிடம் கேட்பது நீதியாகாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

சருகு மட்டும் போட்டால் மட்க நெடுநாள் ஆகும். கரிமம் மிகுதி, நைட்ரஜன் போதாது. காய்கறிச் சந்தைக் கழிவோ சாணமோ அடுக்கிடையே வேண்டும், ஈரம் வேண்டும், கோடையில் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள் வேண்டும். தென்னை மட்டைக்கும் கொப்புக்கும் துண்டாக்கும் இயந்திரம் வேண்டும். இவை ஒவ்வொரு வார்டின் வரவுசெலவிலும் தனி இனமாக எழுதப்பட வேண்டியவை: பூங்காவில் குழி, வாரத்தில் தோட்டக் கழிவுக்கென்று ஒரு நாள், அந்த நாளில் தவறாமல் வரும் வண்டி. வண்டி வராத வார்டில் எரிப்புக்கு அபராதம் எழுதும் முன், 2000-ஆம் ஆண்டின் அட்டவணையில் தடைக்கு அருகிலேயே எழுதியிருந்த மற்ற வரி நிறைவேறியதா என்று நீதிமன்றம் கேட்க இடமிருக்கிறது.