தஞ்சையிலிருந்து ஜித்தா: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

உம்ராவுக்கு டிக்கெட் எடுக்கும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை மணி நேரம் பறக்கணும்?" என்பதுதான். சென்னையிலிருந்து ஜித்தா வான்வழியில் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் சுமார் ஆறு மணி நேரம். தஞ்சாவூரிலிருந்து சென்னை 350 கிலோமீட்டர்தான் என்றாலும், ரயிலில் அதற்கும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது! விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் அதிராம்பட்டினத்திலோ கூத்தாநல்லூரிலோ வீட்டை விட்டுக் கிளம்பி ஜித்தா போய்ச் சேர முக்கால் நாள் ஆகிவிடும்.

மும்பை வரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் நம் குடும்பங்களில் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கப்பல் பயணம் 1995-ஆம் ஆண்டோடு நின்றது.

நமக்குப் பக்கம் திருச்சிதான். அங்கிருந்து துபாய் 2,940 கிலோமீட்டர், சிங்கப்பூர் 2,980. சபர் போகும் நம் மக்களின் இரண்டு திசைகளும் ஏறக்குறைய சம தூரம்! துபாயில் மாறி ஜித்தா போனால் மொத்தம் 4,640 கிலோமீட்டர் வரும். கொழும்பு வழியாகப் போனால் 5,070. இந்தத் தூர வித்தியாசம் பெரிதல்ல. நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பதுதான். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் டிக்கெட் விலையோடு, எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் பார்த்து எடுப்பது நல்லது.

சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. சென்னையில் இரவு 10 மணிக்குக் கிளம்பினால் அங்கு இறங்கும்போது அதிகாலை 1.30. திரும்பி வரும்போது மேற்கிலிருந்து வீசும் காற்று விமானத்துக்கு உதவுவதால் பயணம் அரை மணி நேரமாவது குறையும். ஆனால் கடிகாரம் முன்னே ஓடும்: ஜித்தாவில் இரவு 10 மணிக்கு ஏறியவர் சென்னையில் இறங்குவது மறுநாள் காலை 6 மணி வாக்கில். அழைக்கப் போகிறவர்கள் தேதியைத் தவறவிடுவது இங்கேதான். டிக்கெட்டில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம்.

நேரம் மிகவும் முக்கியமாகும் இடம் மீக்காத். ஜித்தா விமானங்கள் மீக்காத் எல்லையைக் கடந்துதான் இறங்குகின்றன. ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டுவது தாமதம் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே எல்லை வந்துவிடலாம். பல விமானங்களில் அறிவிப்பு செய்வார்கள். தூங்கிவிட்டால் அது காதில் விழாது. இறங்கும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்து அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது போன் இந்திய நேரத்தையே காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஆண்கள் இஹ்ராம் துணியைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் வானத்தில் எடுக்க வழியில்லை. மாறிப் போகிறவர்கள் துபாயிலோ கொழும்பிலோ குளித்து, துணி மாற்றி, நிய்யத்தை மட்டும் மீக்காத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் மதீனா போகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. மக்கா புறப்படும்போது மதீனாவை ஒட்டியுள்ள துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டினால் போதும்.