கங்காணியும் கடனும்: மலையகத் தோட்டச் சமூகத்தின் தொழிலமைப்பு

மலையகத் தோட்டச் சமூகத்தை ஒருபடித்தான கூலிக் கூட்டமாகக் காணும் வழக்கம் நம் ஆய்வாளரிடையும் உண்டு. அதன் உள்ளமைப்போ கோப்பியிலிருந்து தேயிலைக்கு நேர்ந்த மாற்றத்தோடு பிணைந்ததாகும். கோப்பி அறுவடைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஆடவர். பருவம் முடிய ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் பரவிய தேயிலைக்கு ஆண்டு முழுவதும் உழைப்பு வேண்டப்பட்டது. குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. கொழுந்து பறித்தல் பெண்களின் தொழிலாயிற்று; கவ்வாத்தும் கான்வெட்டும் ஆண்களுக்குரியனவாயின.

இவ்வுழைப்பை ஒழுங்குபடுத்திய கங்காணியை மேற்பார்வையாளனாக மட்டும் கொள்ளலாகாது. உற்றாரையும் ஊராரையும் திரட்டி வந்த அவனே அவர்களுக்கு முற்பணம் கொடுத்த கடன்காரனுமாவான். வேலைக்கு வந்தோரின் எண்ணிக்கைக்கேற்பத் தோட்டம் அவனுக்குத் தலைக்காசு வழங்கியது. ஆகவே சாதியும் உறவும் இங்கு மூலதனத்தின் கருவிகளாயின. (நிலமானிய எச்சங்கள் முதலாளித்துவத்தின்கீழ்த் தாமாகவே கரைந்துவிடும் என்போர் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று.) வேறு தோட்டம் செல்ல விரும்பிய தொழிலாளிக்குக் கடன்தொகை குறித்த 'துண்டு' தேவைப்பட்டது, அதனைப் புதிய தோட்டம் தீர்த்தாலன்றி விடுதலையில்லை.

1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், 1931இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் அமைத்தபோது, அதனை எதிர்த்த துரைமாரின் பக்கத்திற் பெரிய கங்காணிமாரும் நின்றனர்.